ரோசியின் வயிற்றடியிலிருந்து ஸ்பேனர் மீட்ட படலம்

கேளுங்கள், வடசென்னைப் பெருமக்களே! அனல்மின் நிலையப் புகைக்கூண்டுகள் ஆகாயத்துக்குத் தூபம் காட்டும் எண்ணூர் தொடங்கி, விசைப்படகுகள் விடியுமுன்னே கனைத்துக் கிளம்பும் காசிமேடு ஈறாக, கன்டெய்னர் லாரிகள் யானைப்படைபோல் அணிவகுத்து அசையாமல் நிற்கும் நெடுஞ்சாலை நெடுகிலும் நிகரற்று விளங்கியவனும், கிரீஸ் மணக்கும் கரத்தனும், காய்ப்பேறிய முட்டியனும், துறைமுகத்துக் கிரேன்களின் மூட்டுவலி தீர்க்கும் மருத்துவனும், திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையின் கண்மணியும், மலர்க்கொடியின் மணாளனுமாகிய ஜெயவேல் வாழ்க! அவன் தோள் வாழ்க! தோளில் கிடக்கும் அழுக்குத் துண்டும் உடன் வாழ்க! தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் கொடுங்கோடையில், ராயபுரத்துப் புழக்கடை ஒன்றில், பேட்டை நடுங்க, காக்கை கலைய, ரோசி என்னும் பெட்டைக்கோழியோடு அவன் பொருத பெரும்போரை உள்ளது உள்ளபடி உரைக்கப் புகுகின்றோம். கோழிதானே என்று சிரிப்பவர் இப்போதே சிரித்து முடித்துவிட்டு அமரக் கடவர். அந்தக் கோழியை நேரில் கண்டவர்கள் சிரிக்கவில்லை.

போருக்குக் காரணமாய் அமைந்தது ஒரு தேர். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி, மூடிக் கிடந்த உப்புக்கிடங்கின் பின்புறம், சீமைக்கருவேலங் காட்டின் நடுவே, சாம்பல் போர்த்தித் துயில் கொண்டிருந்தது அது. தன் உயிர்த்தோழனும் விசைப்படகு இன்ஜின்களின் வைத்தியனுமான ஸ்டானிஸ்லாஸோடு நண்டு பிடிக்கப் போன ஜெயவேல், முள்ளை விலக்கிப் பார்த்த கணத்தில் நண்டை மறந்தான், தூண்டிலை மறந்தான், பிடித்துவைத்திருந்த நண்டு பெருவிரலைக் கவ்வியதையும் மறந்தான். இங்கிலாந்தில் பிறந்து, எந்தத் துரையோ கப்பலில் கொண்டுவந்து, எவரெவரோ ஓட்டி, கடைசியில் எவருக்கும் வேண்டாமற் போன இரண்டே இருக்கை கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். கூரையற்றது, மூக்கு நீண்டது, இடை சிறுத்தது, நின்ற நிலையிலும் ஓடுவதுபோல் தோற்றம் தருவது. 'இதை எடுத்துக்கொள்ளலாமா' என்று கிடங்கின் காவலாளியைக் கேட்டபோது அவர் பெருங்கொடை வள்ளலாய் மொழிந்தார்:

"எத்துகினு போ நைனா. உள்ள பாம்பு ஒண்ணு குடியிருக்குது. அத்த மட்டும் வுட்டுட்டுப் போ."

ஆயுள் முழுதும் அடுத்தவர் சரக்கைத் தூக்கி இறக்கும் கிரேன்களுக்கே கைவைத்தியம் பார்த்தவன் ஜெயவேல். கப்பலேறக் காத்திருக்கும் புத்தம்புதுக் கார்கள் வரிசை வரிசையாய் அவன் கண்ணெதிரே அந்தரத்தில் ஏறிப் போகும். அவற்றின் கதவுப்பிடியைக்கூட அவன் தொட்டதில்லை. தனக்கென்று ஒன்று, தான் ஏறி உட்கார, தன்னை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும் என்ற ஆசை அவன் நெஞ்சில் நெடுங்காலமாய் வெல்டிங் வைத்ததுபோல் ஒட்டிக் கிடந்தது. ஆகவே மீன் வண்டி ஒன்றில் ஏற்றி, கருவாட்டு நாற்றம் பன்னீராய்த் தெளிக்க, அத்தேரைக் காலடிப்பேட்டைக்குக் கொணர்ந்து, வீட்டை ஒட்டிய தகரக்கொட்டகையில் எழுந்தருளச் செய்தான்.

எழுந்தருளிய நாளில் அதற்குத் தோல் இருந்தது, எலும்பு இருந்தது, இறுகிப்போன இதயமாக ஒரு இன்ஜின் இருந்தது. பிறவெல்லாம் களவு போயிருந்தன. பிற வண்டிகளின் உறுப்புகளைக் கொண்டே அதற்கு உயிரூட்ட உறுதி பூண்டான் நம் தலைவன். அதன் பாதம் முதல் நெற்றி வரை பாடுவோம்: பாதங்களாகிய சக்கரங்கள், ஓய்வு பெற்ற ஃபியட் டாக்ஸி ஒன்றிலிருந்து வந்தவை. தாகம் தணிக்கும் ரேடியேட்டர், மணமக்கள் பலரைச் சுமந்து களைத்த அம்பாசடர் ஈந்தது. இருக்கைகள் இரண்டும் ஷேர் வேன் ஒன்றின் பின்வரிசை. 'ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாதீர்' என்ற எச்சரிக்கை அவற்றின் முதுகில் இன்னும் இருந்தது, ஜன்னல்தான் இல்லை. கண்களில் இடது ஆட்டோவினுடையது, வலது தண்ணீர் லாரியினுடையது. ஆதலால் அத்தேர் உலகத்தை எப்போதும் ஒரு கண்ணைச் சுருக்கியே பார்த்தது. குரலோ பதினாறு சக்கர லாரியின் ஏர்ஹாரன். முகம் பார்க்கும் கண்ணாடி, மலர்க்கொடி பொட்டு வைத்துக்கொள்ளும் கண்ணாடி. அது காணாமற்போன நாளில் மூண்ட போர் தனிக் காவியம், இங்கே பாட இடமில்லை. மேனிக்கு, கப்பலின் அடிவயிற்றில் பூசி மீந்த செஞ்சாயம் பூசினான்.

இவ்வாறு எல்லாம் அமைந்தும், ஒன்று அமையவில்லை. கியர் பாக்ஸ் இல்லை. இன்ஜின் உறுமும், தேர் நகராது. மாலைதோறும் ஜெயவேல் அதில் ஏறி அமர்ந்து, உறுமவிட்டு, ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பி, இருந்த இடத்திலேயே பாரிமுனை வரை போய்வந்து இறங்குவான்.

இதைக் கண்டு கண்டு சலித்த மலர்க்கொடி ஒருநாள் கொட்டகை வாயிலில் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் கொடியவள் அல்லள். வெல்டிங் வேளையில் டார்ச் பிடித்து முழங்கையில் தீப்பொறித் தழும்பு வாங்கியவள். ஆனால் தெருவுக்கெல்லாம் இட்லி மாவு அரைத்து விற்கும் தொழில் ஒன்றைத் தொடங்க வேண்டுமென்று அவளுக்கும் நெஞ்சில் ஒட்டிய ஆசை ஒன்று இருந்தது; அதற்குப் பெரிய கிரைண்டர் வேண்டும்; கிரைண்டர் நிற்க அந்தக் கொட்டகை வேண்டும். அவள் பறையறைந்த ஆணை இதுவே:

"யோவ், நல்லா கேட்டுக்கோ. வர்ற ஞாயித்துக்கெயம கிரைண்டரு வருது. அதுக்குள்ள இந்த வண்டி தானா உருண்டு வெளிய போவணும். தள்ளிகினு போனா கணக்குல வராது. போவலேன்னா சுயம்பு அண்ணாச்சி வண்டி எத்தாந்து நிப்பாரு."

சுயம்பு அண்ணாச்சி என்பவர் தண்டையார்பேட்டையில் காயலான்கடை நடத்தும் நெல்லைச் சீமைக்காரர். இரும்பு எங்கே இறக்கப் போகிறது என்பதை முன்கூட்டியே முகர்ந்தறியும் ஞானி. அன்று மாலையே வந்து, தர்ப்பூசணி பார்ப்பவர்போல் காரின் முதுகை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"நல்ல தகடு தம்பி. உங்க கையால ஏத்த மனசு வராதுல்லா? நீங்க வீட்டுக்குள்ள போயிருங்க. நான் சத்தமில்லாம ஏத்திக்கிடுதேன்."

அந்தக் கனிவான சொல் ஈட்டியினும் ஆழமாய்ப் பாய்ந்தது. ஜெயவேல் உணவு வெறுத்தான், உறக்கம் வெறுத்தான், வேலையில் ஒரு கிரேனுக்கு மாட்ட வேண்டிய போல்ட்டை இன்னொரு கிரேனுக்கு மாட்டினான். அப்படி அவன் மனமுடைந்து அமர்ந்திருந்த வேளையில், கடற்காற்றுப்போல் உள்ளே புகுந்தான் ஸ்டானிஸ்லாஸ்.

"மாமு! ராயபொரத்துல ஃப்ளோரன்ஸ் அக்கா வூட்டுப் பின்னால ஒரு ஹெரால்டு காரு நின்னுகினு கீது. உன் வண்டியும் அதுவும் ஒரே கம்பெனி. ஒரே வயித்துப் புள்ளைங்க. அதோட கியர் பாக்ஸு இதுக்கு அப்டியே பூந்துக்கும்!"

அக்கணமே இருவரும் ஒரே சைக்கிளில் ராயபுரம் நோக்கிப் படையெடுத்தனர்.

மாதா கோயில் பாடகர் குழுவின் முதற்குரலாகிய ஃப்ளோரன்ஸ் அக்கா, அன்னதானக் கரண்டியைப் போன்ற தாராளக் கையினர். "காரு எனக்கு எதுக்கு தம்பி? இன்னா வேணுமோ கயட்டிக்கோ" என்றார். ஜெயவேல் அவர் காலில் விழப் போனான். விழுமுன் அவர் விரலை உயர்த்தினார். அந்த விரலின் பின்னே வந்த பிரகடனம் இது:

"ஆனா ஒண்ணு. டிரைவர் சீட்டுல ரோசி அடை ஒக்காந்துகினு கீறா. அவ எந்திரிக்கிற வரைக்கும் எவனும் அவளத் தொடக் கூடாது. போன தபா எடம் மாத்தி வச்சேன், ஒரு முட்ட கூட பொரிக்கல. இந்த தபா மாதா மேல சத்தியம் பண்ணிக்கீறேன்."

இங்கே கியர் பாக்ஸின் இருப்பிடத்தை உரைத்தல் வேண்டும். மற்ற வண்டிகளில் அதை அடியில் படுத்துக் கழற்றுவர். ஹெரால்டிலோ, முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவே ஒட்டக முதுகுபோல் ஒரு மூடி உண்டு. அதைத் திறந்து, காருக்குள்ளிருந்தேதான் கியர் பாக்ஸைக் கழற்றித் தூக்க வேண்டும். அந்த ஒட்டக முதுகுக்கு இடப்புறம் வெற்றிருக்கை. வலப்புறம், ஸ்டியரிங்கின் கீழே, வைக்கோல் மெத்தையில், முட்டைகளின்மேல் செம்பழுப்பு மேனி விரித்து, கழுத்து மயிர் சிலிர்த்து, ஒற்றைக்கண்ணால் உலகை அளந்தபடி, கோட்டைத் தலைவியாய் வீற்றிருந்தாள் ரோசி.

முதற்போர் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது. இடது இருக்கையைக் கழற்றி வீசிய ஜெயவேல், வெறுங்கையோடு உள்ளே புகுந்து, மூடியின் முதல் திருகாணியில் திருப்புளியை வைத்தான். வைத்த விரலில் ஒரு கொத்து. உதறிய கையில் ஒரு கொத்து. திரும்பிய முகத்தின் காதுமடலில், தோடு குத்தும் ஆசாரியும் நாணும் நேர்த்தியோடு ஒரு கொத்து. முப்பது டன் பாரம் தலைக்குமேல் தொங்க நின்று பழகிய மாவீரன், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போய்த்தான் நின்றான்.

"இன்னா மாமு, ஒரு கோயிக்கு இப்டி ஓடியாற?" என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

"அது கோயி இல்ல மச்சான். டிரில்லிங் மிசினு."

வீரத்தால் வெல்ல இயலாததைக் கொடையால் வெல்லலாம் என்பது ஸ்டானிஸ்லாஸின் ராஜதந்திரம். மறுநாள் மாலை அவன் நெத்திலிக் கருவாட்டை வறுத்து இடித்து, நொய்யரிசியில் கலந்து, ஒரு கொட்டாங்கச்சி நிறையக் கொண்டுவந்து, காருக்கு வெளியே, ரோசியின் மூக்குக்கு எட்டும், அலகுக்கு எட்டாத தொலைவில் வைத்தான். தீனி தேடி அவள் எழுவாள். எழுந்த இடைவெளியில் இரும்பைக் கவர்வோம்! ரோசி பார்த்தாள். எழவில்லை. 'கொக்' என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். உள்ளிருந்து ஓடிவந்த ஃப்ளோரன்ஸ் அக்கா, "ஐயோ பாவம், எட்டலியாம்மா உனுக்கு?" என்று கொட்டாங்கச்சியை எடுத்து அலகடியில் பிடித்தார். ரோசி கடைசித் துணுக்கு வரை தின்று, அலகைச் சீட்டில் துடைத்துக்கொண்டு, முன்னிலும் அகலமாய் அமர்ந்தாள்.

"சரியா தின்னாமக் கெடந்தா. நல்லா இருங்க தம்பி" என்று வாழ்த்தினார் அக்கா. பகைவருக்குப் படியளந்து திரும்பிய படை வேறெங்கும் உண்டோ, யாம் அறியோம்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஞாயிறு அருகில் நின்று நகைத்தது. 'தலைவலி' என்று வேலையிடத்துக்குச் சொல்லியனுப்பிய ஜெயவேல், இறுதிப் போருக்குக் கோலம் பூண்ட சிறப்பைக் காணுங்கள்! தலைக்கு, முகம் முழுதும் மூடும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். மார்புக்கு, மலர்க்கொடியின் ஊதா நிற மழைக்கோட்டு; அது அவனுக்கு இடுப்போடு நின்றது. கைகளுக்கு வெல்டிங் கையுறை. முழங்காலுக்குச் சாக்குத்துணி. கேடயமாக இட்லிக்குண்டான் மூடியை ஏந்தி ஸ்டானிஸ்லாஸ் பின்தொடர்ந்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, வலக்கையில் ஒளிர்ந்தது அவனது தெய்வப் படைக்கலம்: அந்த கியர் பாக்ஸின் எட்டாத மேல் போல்ட்டுக்கென்றே தீயில் காய்ச்சி, கழுத்தை வளைத்து, வாலை அறுத்து அவன் தானே செய்துகொண்ட ஸ்பேனர். வெள்ளைக்காரன் அங்குலக் கணக்கில் வைத்த அளவு அது. அதற்கு இணை வடசென்னையில் எங்கே கிடைக்கும் என்று தேடப் போனால் ஞாயிறு வந்து போய்விடும்.

புகுந்தான் வீரன்! காருக்குள் குப்புறப் படுத்து, கால் இரண்டும் இடக்கதவுக்கு வெளியே நீண்டிருக்க, தலை ரோசியின் சன்னிதிக்கு ஒரு சாண் தொலைவில் நிற்க, மூடியைத் திறந்தான். இடியென இறங்கியது ரோசியின் அலகு. ஹெல்மெட்டின்மேல் டொக் டொக் டொக்கென்று அவள் பொழிந்த கொத்துமாரி தெருமுனை வரை எதிரொலிக்க, யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எண்ணிய ஃப்ளோரன்ஸ் அக்கா, "யாரு? வரேன், வரேன்" என்று வாசற்பக்கம் போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தார். மூச்சுக்காற்றால் ஹெல்மெட் கண்ணாடி பனிமூடியது. வியர்வை மழைக்கோட்டுக்குள் மழையாய்ப் பெய்தது. ஆயினும் ஒன்றன்பின் ஒன்றாய், துரு உறவு முறிந்து அழுதுகொண்டே, கழன்றன போல்ட்டுகள். எஞ்சியது ஒன்றே ஒன்று. மேல் போல்ட்.

வளைகழுத்து ஸ்பேனரை ஓங்கினான்; பொருத்தினான்; ஒரு சுற்றுச் சுற்றினான். அந்தோ! கொழுத்த கையுறைக்குள் விரல் வழுக்க, ஸ்பேனர் துள்ளி, சீட்டின் விளிம்பில் பட்டு, வைக்கோலில் சறுக்கி, ரோசியின் மார்படியில் போய் நின்றது. ரோசி அதை வலக்கண்ணால் பார்த்தாள். தலையைத் திருப்பி இடக்கண்ணால் பார்த்தாள். பிறகு, வழிதவறிய முட்டையை வாரியணைக்கும் தாயாய், அலகால் அதை மெல்ல இழுத்து, தன் வயிற்றுக்கடியில் தள்ளி, இறகை விரித்து மூடி, அடைகாக்கத் தொடங்கினாள்.

"தாவு தீந்துச்சு" என்றான் ஸ்டானிஸ்லாஸ், கேடயத்தை இறக்கி. "இனிமே அது ஸ்பேனரு குஞ்சு பொரிச்சாத்தான் உண்டு மாமு."

சுயம்பு அண்ணாச்சியின் கனிந்த முகம் ஜெயவேலின் கண்முன் வந்து போனது. தன் செந்நிறத் தேர் தண்டையார்பேட்டைத் தராசில் மல்லாந்து கிடக்கும் காட்சியும் வந்தது. பற்களைக் கடித்தான்; கையுறையைப் பார்த்தான். இத்துணைத் தடித்த தோலோடு உள்ளே நுழைந்தால் முட்டை நசுங்கும். நசுங்கினால் மாதாவின்மேல் சத்தியம் செய்த ஒருத்தியின் நெஞ்சும் சேர்ந்து நசுங்கும். வெற்றியோ தோல்வியோ, அது வேண்டாம். கையுறையை உருவி எறிந்தான் நம் பெருந்தகை! வெறுங்கையை, விரல் விரலாய், அந்தச் செம்பழுப்பு இறகுகளின் கீழே செலுத்தினான்.

கொத்தினாள். மணிக்கட்டில் கொத்தினாள், புறங்கையில் கொத்தினாள், பழைய புண்ணைத் தேடிப் பிடித்து அதே இடத்தில் கொத்தினாள். கை நிற்கவில்லை. உள்ளே ரொட்டி அடுப்புபோல் வெதுவெதுப்பு. ஒரு முட்டை தட்டுப்பட்டது. ஒரு ஓட்டுத்துண்டு தட்டுப்பட்டது. இதோ இரும்பு! வளைந்த கழுத்தைத் தொட்டுவிட்டான்! பிடிக்கப் போன அதே நொடியில், பஞ்சும் அல்லாத, துணியும் அல்லாத, ஈரமான ஏதோ ஒன்று அவன் சுண்டுவிரலின்மேல் தடுமாறி ஏறிச் சாய்ந்தது.

"மச்சான்..." ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "உள்ள இன்னாமோ நவுருது."

"பாம்பா?"

"இல்லடா. சின்னது. என் வெரல்ல சாஞ்சிகினு கீது. அதோட நெஞ்சு அடிச்சுக்கறது தெரியுது."

ஓடிவந்து குனிந்து பார்த்த ஃப்ளோரன்ஸ் அக்கா, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை வரைந்துகொண்டு ஆணையிட்டார்: "அசையாத! பொரிச்சுகினு கீது. இப்ப கைய இஸ்தீனா ஒண்ணு மிதிபடும். அப்டியே கெட."

கிடந்தான். கோட்டைக்குள் புகுந்தவன் கோட்டைக்கே காவலானான். அவன் கை உள்ளே அடங்கியதும் ரோசி கொத்துவதை நிறுத்தினாள். அதுவும் தன் உடைமைதான் என்று முடிவு செய்தவளாய் இறகைத் தாழ்த்தி அவன் முழங்கை வரை மூடினாள். துறைமுகத்தில் எந்தக் கப்பலோ சங்கு ஊதியது. வெயில் நாவல்மர நிழலை இழுத்துக்கொண்டு போனது. தோள் மரத்தது, இடுப்பு கெஞ்சியது, மூக்கு நமைத்தது. ஹெல்மெட் போட்டவன் மூக்கைச் சொறிவது எங்ஙனம்? ஸ்டானிஸ்லாஸ் கண்ணாடியைத் தூக்கி டீ ஊற்றினான். பாதி வாய்க்கும் பாதி மழைக்கோட்டுக்கும் போனது. உள்ளே ஓடு விரியும் மெல்லிய சத்தம் ஒவ்வொன்றும் விரல்வழி ஏறி அவன் நெஞ்சு வரை வந்தது. இன்ஜினில் அடைப்பு நீங்கி முதல் பொறி பற்றும்போது கேட்கும் ஓசைக்குக் காது கொடுப்பதுபோல் அவன் அதற்குக் காது கொடுத்தான்.

பிற்பகலில், மழைக்கோட்டைத் தேடி, கணவன் போன இடம் விசாரித்துக்கொண்டு மலர்க்கொடி ராயபுரத்துக்கே வந்தாள். கணவன் ஹெல்மெட் அணிந்து, தன் மழைக்கோட்டுக்குள் பிதுங்கி, காருக்குள் குப்புறப் படுத்து, ஒரு கையைக் கோழிக்கு அடியில் வைத்திருக்கும் கோலத்தைக் கண்டாள்.

"யோவ்! லீவு போட்டுட்டு இத்தான் பண்ணிகினு கீறியா?"

"சத்தம் போடாதடி. தூங்குது."

"எது?"

"என் கைல ஒண்ணு."

மலர்க்கொடி கிட்டே வந்தாள். குனிந்து, இறகின் ஓரத்தில் எட்டிப் பார்த்த கடுகளவுக் கண் ஒன்றைக் கண்டாள். பின்பு தன் முந்தானையை மடித்து, இரும்பு விளிம்பில் அழுந்திச் சிவந்திருந்த அவன் முழங்கைக்கு அடியில் வைத்துவிட்டு, பக்கத்துச் செங்கல்லில் உட்கார்ந்தாள். முந்தானை அங்கேயே மாட்டிக்கொண்டதால் அவளாலும் எழ முடியவில்லை. நெடுநேரம் சென்று, "ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயமதான். அத்த மறந்துடாத" என்றாள், தாழ்ந்த குரலில்.

மாலை மணி மாதா கோயிலில் ஒலித்தபோது எழுந்தாள் ரோசி! இறகு உதறி, கால் நீட்டி, குஞ்சுகள் பின்தொடர, ஜெயவேலின் ஹெல்மெட்டைப் படிக்கட்டாக்கி மிதித்து, முதுகின்மேல் பவனி வந்து, மலர்க்கொடியின் மடியில் குதித்துத் தரையிறங்கி, மண்ணைக் கிளறப் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வைக்கோல் நடுவே, ஓட்டுத் துண்டுகளின் மத்தியில், உடம்புச் சூடு மாறாமல் கிடந்தது ஸ்பேனர். மரத்த கையால் அதை எடுத்து, மேல் போல்ட்டில் வைத்து, உலகம் அதிர ஒரு திருகு திருகினான். கழன்றது!

"நேத்து ராத்திரியே உள்ள சத்தம் கேட்டுச்சு தம்பி. இன்னிக்கி எந்திரிச்சிடுவான்னு தெரியும் எனுக்கு" என்றார் ஃப்ளோரன்ஸ் அக்கா.

"அத்த காலைல சொல்லக் கூடாதாக்கா?"

"நீ கேக்கலியே."

கியர் பாக்ஸ் காலடிப்பேட்டை சேர்ந்தது. ஒரே குலத்து இரும்பும் இரும்பும், பிரிந்த உடன்பிறப்புகள்போல் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. புலர்ந்தது ஞாயிறு. மூன்று சக்கர மீன்பாடி வண்டியில், சாமந்தி மாலை சூடி, மாப்பிள்ளைபோல் வந்து நின்றது கிரைண்டர். அதன் பின்னே டெம்போவில், சங்கிலியும் பலகையுமாய், முகத்தில் இரங்கலோடு வந்து நின்றார் சுயம்பு அண்ணாச்சி. தெருவே திரண்டது.

ஏறி அமர்ந்தான் ஜெயவேல். சாவி திருப்பினான். இருமியது தேர், தும்மியது, கரும்புகை கக்கிக் கொட்டகையை இருளாக்கியது, பின்பு, கடலில் புயல் திரண்டு வருவதுபோல் உறுமியது. கிளட்சை மிதித்தான். முதல் கியரைத் தேடினான். 'டக்' என்று விழுந்தது கியர்! ஏர்ஹாரன் முழங்க, மாட்டுக்கண்ணும் ஆட்டுக்கண்ணுமாய் விளக்குகள் எரிய, தள்ளுவாரின்றி, இழுப்பாரின்றி, தானே, தானே, தானே உருண்டு வெளியே வந்தது செந்நிறத் தேர்! ஸ்டானிஸ்லாஸ் கூவினான், நாய்கள் கலைந்தன, கொடியில் காய்ந்த துணிகள் வணங்கின. தெரு கடந்து, நெடுஞ்சாலை கடந்து, கடலோரச் சாலையில் ஏறி, லாரிகளின் நெடுஞ்சுவருக்கு ஓரமாய், ஒருபுறம் அலையும் ஒருபுறம் ஆலையுமாய், காற்று தலைமயிரைப் பிடித்து இழுக்கப் பறந்தான் ஜெயவேல். லாரி ஓட்டுநர் ஒருவர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா வண்டிபா இது?" என்று கேட்டார். "என்னுது!" என்று கத்தினான். கேள்வி அதுவன்று என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

மீண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தியபோது கொட்டகை கழுவிக் கோலமிடப்பட்டிருந்தது. கிரைண்டர் அரியணை ஏறியிருந்தது. அண்ணாச்சி சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, "நிக்கிற அன்னைக்குச் சொல்லி விடுங்க தம்பி" என்று கும்பிட்டு விடைபெற்றார். மலர்க்கொடி வாசற்படி இறங்கினாள். தேரை ஒருமுறை வலம் வந்தாள். பொட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு சேலையைச் சுருக்கிப் பிடித்து, மறு இருக்கையில் ஏறி அமர்ந்து, கடலும் கரையும் கேட்க மொழிந்தாள்:

"கிரைண்டரு வந்துச்சு, அரைக்க உளுந்து இல்ல. வண்ணாரப்பேட்டைக்கு வுடு."

கதிரவன் குடை பிடிக்க, கடற்காற்று கவரி வீச, காலடிப்பேட்டை வாழ்த்தொலி வானை முட்ட, புழுதி எழுப்பி, புகை பரப்பி, இரு வேறு விழிகளால் திசையெட்டும் அளந்தவாறு, பகை வென்ற வேந்தனும் பட்டத்தரசியும் அருகருகே வீற்றிருந்த அப்பெருந்தேர் தெற்கு நோக்கிப் புறப்பட்டது.

போய் நல்ல உளுந்தாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தார்கள்.